தூங்குமூஞ்சி மரம் வரைக்கும்

"தண்ணி கதவு வரைக்கும் ஏறிடுச்சு. இவ பின்னால துணி மூட்டை மேல ஒக்காந்துக்கிட்டு, 'திரும்பிப் போயிடலாம் மச்சான், திரும்பிப் போயிடலாம்'னு ஒரே அழுகை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பேசாம காலைத் தூக்கி வெச்சுக்க. பெஜோ வண்டிய நம்பு'ன்னேன்."

பீர் முகம்மது சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். பேத்தி ஷிரீன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே சிரித்தாள்.

"சூப்பர் தாத்தா! அப்புறம்?"

"அப்புறம் என்ன, டெங்கில் வெள்ளத்துல ரெண்டு லோரி நின்னு போச்சு. நம்ம வண்டி கப்பல் மாதிரி போச்சு."

மனைவி சுலைகா தேநீர்க் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள். பேச்சு அப்படியே இருந்தது, ஒரு சொல் குறையவில்லை. வாய்தான் மாறியிருந்தது. திரும்பிப் போகலாம் என்று அழுதவர் இவர். காலைத் தூக்கி வைக்கச் சொன்னவள் அவள். அன்று வயிற்றில் ஜாகிர் ஏழு மாதம். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்காதிருக்க சீட்டைப் பின்னால் தள்ளி, கால் விரல் நுனியால் எண்ணெய்ப் பெடலை மிதித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டு யாசீன் ஓதிக்கொண்டு வந்தார்.

"பாட்டி, நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்க. வண்டில போனப்ப எப்படி இருந்துச்சு?"

"அவளை என்னத்தக் கேக்குற?" என்று பீர் முகம்மது முந்திக்கொண்டார். "பாவம், அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நான் கூட்டிட்டுப் போற எடத்துக்கு வருவா."

சுலைகா தேநீரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். அவருக்கு எண்பத்து நாலு வயது. ஞாபகம் குழம்புகிற வயது. டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். மறந்து போனவரோடு என்ன வழக்கு? இந்த ஒரு சமாதானத்தை வைத்துத்தான் நாலைந்து வருடமாக அவள் அவர் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கிள்ளானில் அவர்கள் துணிக்கடைக்கு அது ஐம்பதாவது வருடம். மகன் ஜாகிர்தான் இப்போது கடையை நடத்துகிறான். பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு கிளை திறந்திருக்கிறான். கடை வருவதற்கு முன்னால் மூட்டை வியாபாரம். அது வளர்ந்தது பெஜோ வேகன் கார் வந்த பிறகு. பின்சீட்டைக் கழற்றிவிட்டுச் சேலையும் கைலியும் வாயில் துணியும் அடுக்கி, கேரி தீவு, டெங்கில், பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போவார்கள். விலை பேசுவது அவர். ஓட்டுவது அவள்.

அவள் வாப்பா தெலுக் இந்தானில் லோரி வைத்திருந்தார். பாவாடை கட்டுகிற வயதிலேயே அந்த லோரியில் கியர் போடப் பழகியவள் அவள். இவருக்கும் லைசன்ஸ் இருந்தது, எப்படியோ வாங்கியது. ஆனால் எதிரே ஒரு லோரி வந்தால் கை நடுங்கும். முதலில் வைத்திருந்த பழைய காரை ஒரு கால்வாயில் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு, "நீ ஓட்டு சுலைகா, நான் கணக்குப் பார்க்கணும்" என்றார். அவளும் சரி என்றாள்.

ஆனால் கிள்ளானுக்குள் நுழையும்போது அப்படி வர முடியாது. பள்ளிவாசல் முன்னால் ஊர்க்காரர்கள் நிற்பார்கள். பெண்டாட்டி ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான் என்று ஒருவர் சொன்னால் போதும், கடலைத் தாண்டிச் சொந்த ஊரிலே போய் நிற்கும் பேச்சு. அதனால் டவுனுக்கு வெளியே லங்காட் ரோட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்துவார்கள். அவள் இறங்கிப் பின்னால் போவாள். அவர் ஸ்டியரிங்குக்கு வருவார். போகும்போதும் அப்படித்தான்; மரம் வரைக்கும் அவர், மரத்திலிருந்து அவள். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். பார்த்தவர்கள் பார்த்தது அதைத்தான்.

"பீர் முகம்மது பாய் ஓட்டினா கண்ணாடி டம்ளர்ல தண்ணி தளும்பாதுல்ல" என்று ஊரே சொன்னது. தளும்பாததற்குக் காரணம் வண்டி. செம்மண் பாதையில் மற்ற கார்கள் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பெஜோ பள்ளத்தில் இறங்கி, மூச்சை இழுத்து விடுவதுபோல மேலே வரும். முன்விளக்குகள் பாதித் தூக்கத்தில் இருப்பவன் கண்போல மேல் ஓரம் சாய்ந்திருக்கும். கியர் ஸ்டியரிங் கழுத்தில். ஹாரன் நடுவில் இருக்காது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் திரும்பும்போது அவள் ரெண்டு சின்னது, ஒரு நீளம் அடிப்பாள். பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

வண்டியை அவர்தான் விற்றார். அவளிடம் கேட்கவில்லை. சமையலறையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் வாசலில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுக் கை கழுவாமல் வந்தாள். ஓட்டிக்கொண்டு போனது யாரோ ஒரு தோட்டத்து ஆள். "பழசாயிடுச்சு" என்றார் இவர். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது ஜாகிர் அதே வண்டியை டெங்கிலில் ஒரு வீட்டுப் பின்னால் கண்டுபிடித்திருந்தான். கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். செந்தூலில் பழைய பிரெஞ்சுக் கார்களைப் பழுது பார்க்கும் கமலநாதனிடம் கொடுத்து, அதே வெளிர்நீலப் பெயிண்ட் அடித்து எடுத்துவிட்டான். ஐம்பதாம் வருட விழாவன்று அத்தா அதை ஓட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்க வேண்டும். அதுதான் திட்டம்.

*

விழா வீடியோவுக்காக ஷிரீன் கேரி தீவுக்குப் போய்ப் பழைய வாடிக்கையாளர் ஒருவரையும் பேச வைத்து, அதைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். பவுனம்மாள். ரப்பர்ப் பால் வெட்டிய கையோடு வந்து சேலையைத் தொடக் கூச்சப்பட்டு நிற்பவள். இப்போது பல் இல்லை. குரல் மட்டும் அப்படியே.

"புடவைக்கார அக்காவையா கேக்குறீங்க? யம்மாடி, அது ஓட்டுற ஓட்டு! எம் மக பிரசவத்துக்கு அக்காதான் வண்டிய எடுத்துட்டு பந்திங் ஆஸ்பத்திரிக்குப் போனுச்சு. பாயி பாவம், பின்னால ஒக்காந்து வாந்தி எடுத்துக்கிட்டு வந்தாரு."

சுலைகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாகிர் சிரிக்கவில்லை.

"இத எடுத்துரு ஷிரீன்."

"ஏன் அத்தா? நல்லாருக்கே."

"அந்தப் பாட்டிக்கு ஞாபகம் சரியில்லம்மா. யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறாங்க."

ஷிரீன் போனதும் சுலைகா மகனைப் பார்த்தாள்.

"யாருக்குடா ஞாபகம் சரியில்ல?"

ஜாகிர் சாவிக்கொத்தைப் பையில் போட்டு, திரும்ப எடுத்தான்.

"அம்மா, விடுங்களேன்."

"மூட்டை மேல படுத்துத் தூங்கிக்கிட்டு வருவ. முழிச்சா 'அம்மா, மரம் வந்துடுச்சா'ன்னு கேப்ப. அதுவும் நெனவில்லையா?"

"எனக்கு எல்லாம் தெரியும்மா. தெரியாம இருக்குமா? ஆனா கடை போர்டுல இருக்கறது அத்தா பேரு. இந்த வயசுல அவரை எல்லார் முன்னாலயும் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"பின்ன என்ன வேணும் ஒங்களுக்கு?"

என்ன வேண்டும்? அவள் யோசித்துப் பார்த்தாள். வண்டி வேண்டாம். விழாவில் மாலை வேண்டாம். ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவர் முன்னால், 'இவதான் ஓட்டினா' என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அவர் மறந்துவிட்டார் என்றால் அதையும் கேட்க முடியாது.

"ஒண்ணும் வேணாம்பா" என்றாள். "ஒங்க அத்தாவுக்குத்தான் மறந்து போச்சே."

ஜாகிர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். "ஆமாம்மா. மறந்துட்டாரு."

*

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். கடை இருக்கும் தெருவில் ஒரு பக்கத்தை மறித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். பிரியாணி வாசம் முக்கு வரைக்கும் வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் கொம்பாங் மேளத்தோடு வரிசையாக நின்றார்கள்.

கமலநாதன் வண்டியை வீட்டிலிருந்து ஓட்டி வந்தான். பீர் முகம்மது முன்சீட்டில், புதுக் கைலியும் சொங்கோக் தொப்பியுமாக. சுலைகாவைப் பின்னால் உட்கார வைத்திருந்தான் ஜாகிர். பக்கத்தில் அலங்காரத்துக்கு ரெண்டு துணி மூட்டை. அவற்றின் உள்ளே பழைய செய்தித்தாள்தான்.

"ஆன்டி, நல்லா இருக்கா வண்டி?" என்றான் கமலநாதன், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"ரெண்டாவதுல இழுக்குற தம்பி. மூணு கேக்குது பாரு, அதான் முனகுது."

கமலநாதன் கியரை மாற்றினான். முனகல் நின்றது. "அட! ஆன்டிக்கு எப்படித் தெரியும்?"

"வெயில் ஏறுது, ரோட்டைப் பார்த்து ஓட்டு லா" என்றார் பீர் முகம்மது.

லங்காட் ரோட்டில் அந்த மரம் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அதைத் தாண்டும்போது சுலைகாவின் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. பின்சீட்டில் ஏது பிரேக்?

கடைத்தெருவுக்குத் திரும்பும் முக்குக்குச் சற்று முன்னால், ஒரு பல் வைத்தியர் கிளினிக் பக்கத்தில் கமலநாதன் வண்டியை நிறுத்தி அணைத்தான்.

"அங்கிள், இங்கயிருந்து நீங்க. ஒரு திருப்பம்தான். ரோடு காலியா இருக்கு. நான் முன்னால போய்க் கூட்டத்தை ஒதுக்குறேன். ஸ்லோவா வாங்க."

அவன் இறங்கி நடந்தான். பீர் முகம்மது சுற்றிக்கொண்டு வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். முழங்கையை ஜன்னலில் வைத்தார். எல்லாம் அதே வரிசை.

சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது. கியரை இழுத்தார், முதல் கியருக்குப் பதில் மூன்றாவதில் விழுந்தது. கிளட்சை விட்டதும் ஒரு குதி குதித்து அணைந்தது. திரும்பத் திருப்பினார், எண்ணெயை மிதி மிதி என்று மிதித்தார். பெட்ரோல் வாசம் உள்ளே அடித்தது. அப்படி மிதித்தால் கார்புரேட்டர் நனைந்து கிளம்பாது. இதை அவள் அவருக்கு எத்தனை தோட்டத்து வாசலில் சொல்லியிருப்பாள்!

தெருவுக்குள்ளிருந்து கொம்பாங் ஆரம்பித்துவிட்டது. வண்டி வருகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

பீர் முகம்மது சாவியிலிருந்து கையை எடுத்தார். தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பாமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சுலைகா. நீ இப்படி வா. முன்ன மாதிரி நீ எடு. முக்கு திரும்புறதுக்கு முந்தி மாறிக்கலாம்."

சுலைகா முன்சீட்டைப் பிடித்து முன்னால் நகர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"நீ எடுன்னேன். ஒனக்குத்தான் இதோட சங்கதி தெரியும். சீக்கிரம்."

"முன்ன மாதிரியா?"

அவர் முழங்கையை ஜன்னலிலிருந்து எடுத்தார்.

"அப்ப ஒங்களுக்கு மறக்கல."

"என்னத்த?"

"யாரு ஓட்டினதுன்னு."

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை. "அதெல்லாம் இப்ப எதுக்கு? சனம் காத்துக்கிட்டு நிக்குது, மானம் போவுது."

மறந்தவரோடு என்ன வழக்கு என்று இத்தனை நாளாக அவள் எடுத்து வைத்திருந்த பொறுமை எல்லாம் அந்த இடத்தில் வடிந்து போயிற்று. டெங்கில் வெள்ளத்தைச் சொல்லும்போதும் இவருக்குத் தெரிந்தே இருந்தது. சைக்கிள்கூடத் தெரியாது என்று சிரிக்கும்போதும் தெரிந்தே இருந்தது. ஜாகிர் தலையை ஆட்டியதும் தெரிந்துதான்.

"நான் எப்படி எடுப்பேன் மச்சான்?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்குத்தான் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே."

"வெளையாடாத புள்ள."

"நீங்க கூட்டிட்டுப் போற எடத்துக்கு வர்றவ நான். கூட்டிட்டுப் போங்க."

காகித மூட்டையில் சாய்ந்து முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

*

வண்டி வராததைப் பார்த்துக் கமலநாதன் ஓடி வந்தான். எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நனைஞ்சிருச்சு அங்கிள். கொஞ்ச நேரம் ஆகும்" என்றான்.

"தள்ளுங்க லா, தள்ளிட்டே போயிடலாம்!" என்று பின்னாலேயே வந்த ஜாகிர் கடை ஆட்களைக் கூப்பிட்டான்.

நாலு பேர் தள்ள, பீர் முகம்மது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தெருவுக்குள் நுழைந்தார். கூட்டம் கை தட்டியது. யாரோ ஒருவர், "பாய் இன்னும் அதே ஸ்டைல்ல ஓட்டுறாரு பாரேன்!" என்றார். தள்ளுகிறவர்களுக்கு வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ஹாரன் அடிங்க! வீடியோ எடுக்கறேன்!" என்றாள் ஷிரீன்.

பீர் முகம்மது ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையால் அமுக்கினார். சத்தமில்லை. குத்தினார்.

"ஹாரன் வேலை செய்யல" என்றார்.

"நேத்து செஞ்சுச்சே அங்கிள்" என்றான் கமலநாதன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவி ஜன்னலருகே வந்து குனிந்தாள். பவுனம்மாள். விழாவுக்கென்று ஷிரீன் வரவழைத்திருந்தாள்.

"அக்கா! நீங்க ஏங்க்கா பின்னால ஒக்காந்திருக்கீங்க? ஒடம்பு சரியில்லையா?"

நன்றாகவே கேட்கும்படிதான் கேட்டாள். ஷிரீன் கைபேசியோடு திரும்பினாள். "ஏன் பாட்டி, நீங்க ஓட்டினீங்களா வண்டிய?"

சுலைகா பேத்தியைப் பார்த்தாள். "ஆமா. நான்தான் ஓட்டினேன். தொடக்கத்துலேருந்து."

கைபேசி பீர் முகம்மதுவின் பக்கம் திரும்பியது.

"தாத்தா, பாட்டி சொல்றது உண்மையா?"

அவள் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க நினைத்த கேள்வியைக் குழந்தை கேட்டுவிட்டது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை.

பீர் முகம்மது தொப்பியைச் சரி செய்தார். கூட்டத்தைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"பொம்பளைங்க சொன்னா ஆமான்னு சொல்லிட்டுப் போயிடணும்மா. இல்லாட்டி இன்னைக்கு எனக்குப் பிரியாணி கெடைக்காது!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பக்கத்துப் பூக்கடை லெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாய்க்கு இந்த வயசுலயும் குறும்பைப் பாரேன்!"

சுலைகா மூட்டையை ஒதுக்கினாள். ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவில் எட்டி, அவர் தோளைத் தாண்டிக் கையை நீட்டினாள். குச்சியின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினாள். ரெண்டு சின்னது. ஒரு நீளம்.

கொம்பாங் பையன்கள் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார்கள். ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை வருடம் ஓட்டினவருக்கு ஹாரன் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

பவுனம்மாள் மட்டும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "இதேதான்! இதே சத்தம்தான்! அடுப்புல ஒலை கொதிக்கக் கொதிக்க ஓடியாருவோம்" என்றாள். கண்ணில் தண்ணீர். "அக்கா வந்துட்டாங்கன்னு எங்க லயமே சொல்லும்."

"எல்லாரும் சாப்பிட வாங்க" என்றான் ஜாகிர் ஒலிபெருக்கியில்.

*

மறுநாள் மத்தியானம் வீடியோ வந்துவிட்டது. கடையின் இணையப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டதாக ஷிரீன் சொன்னாள். நாற்காலிகளை ஒன்றாகப் போட்டுத் தாத்தாவையும் பாட்டியையும் உட்கார வைத்து, கைபேசியை மேசையில் சாய்த்து வைத்தாள்.

வெளிர்நீல பெஜோ முக்கில் திரும்பி வருகிறது. தள்ளுகிறவர்கள் படத்தில் இல்லை, முன்பக்கம் மட்டும்தான். பீர் முகம்மது கை அசைக்கிறார். பின்னால் நிழலாக ஒரு சேலைத் தலைப்பு. பவுனம்மாள் இல்லை. ஹாரன் இல்லை. அந்த இடத்தில் பாட்டு. 'பிரியாணி கெடைக்காது' மட்டும் இருந்தது, சிரிப்போடு. பாட்டுக்கு அடியில் ஒரு எஞ்சின் சத்தம், கம்பீரமாக உறுமிக்கொண்டு.

சுலைகா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"ஷிரீன், இது நம்ம வண்டி சத்தம் இல்லையே."

"இல்ல பாட்டி. வண்டிதான் ஸ்டார்ட் ஆகலையே. இன்டர்நெட்ல ஏதோ கார் சத்தம் எடுத்துப் போட்டேன்."

"பெஜோ இப்படி உறுமாது" என்றாள் சுலைகா.

பீர் முகம்மது படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். "இன்னொரு தடவை போடும்மா."